மழைநாள் கோடு

குடியை விட வைப்பது டாக்டரின் வேலை. விட்டவனை யாராவது ஒருத்தர் வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி செய்வது என் வேலை. இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால் டாக்டர் அவருடையதைத்தான் சொல்வார். நான் வாயால் ஒன்றும் சொல்லமாட்டேன், செருப்பைத் திருப்பிக் காட்டுவேன். வருஷத்துக்கு மூன்று ஜோடி தேய்கிறது.

எங்கள் குடிமறப்பு மையத்தில் அறுபது நாள் இருந்துவிட்டு வெளியே வருகிற ஆளை முதல் வாரம் எல்லாரும் தோளில் தட்டிக்கொடுப்பார்கள். இரண்டாவது வாரம், "வேலை எதுவும் பாக்கலயா?" என்பார்கள். மூன்றாவது வாரம் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு, எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது மட்டும்தான் நினைவுக்கு வரும். அதற்குள் அவனை ஒரு வேலையில் உட்கார வைத்துவிட வேண்டும். பட்டறை, குடோன், அச்சகம், ரொட்டிக் கடை என்று ஏறி இறங்கி, "நல்ல கைவேலைக்காரர், இப்ப தொடறதே இல்ல" என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். பாதிப் பேர் "இப்ப" என்ற சொல்லிலேயே கதவைச் சாத்திவிடுவார்கள்.

நான் சொல்லவந்தது கண்ணாடியைப் பற்றி. கண்ணாடி என்பது அவருக்குப் பட்டறைக்காரர்கள் வைத்த பெயர். மரச்சாமான்களுக்கு அரக்கு பாலிஷ் போடுகிறவர். அவர் முடித்த அலமாரிக் கதவின் முன்னால் நின்று தலை வாரிக்கொள்ளலாம் என்பார்கள். அப்படிப்பட்டவரின் கடைசி வேலை எப்படிப் போயிற்று என்பதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டிய பெரிய மேஜை, பாலிஷ் காயவில்லை, மூக்கு முட்டக் குடித்துவிட்டு அதன்மேலேயே குப்புறப் படுத்துத் தூங்கியிருக்கிறார். எழுப்பிவிட்டபோது மேஜையில் சட்டைப் பொத்தான் ஐந்தும் அச்சாகப் பதிந்திருந்ததாம். சொல்லி முடித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் சட்டைப் பொத்தான்களைத் தடவிக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எந்தப் பட்டறையும் அவரை உள்ளே விடவில்லை.

அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். துவைத்து வந்த விரிப்புகளை மடித்து, ஓரத்தில் வார்டு எண்ணை மார்க்கர் பேனாவால் எழுதி அடுக்குவது அவள் வேலை. நாள் முழுக்க வெந்நீரும் சோப்புத்தூளும் குடைந்த மூக்கு. ஆனாலும் அந்த மூக்குக்கு ஒரு வாசனை மட்டும் தப்பாது. புருஷன் தெருமுனையில் திரும்பும்போதே எத்தனை குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவாள் என்று மகள் என்னிடம் சொன்னாள். மகளுக்குப் பதினாறு வயது. அம்மாவின் வாய் அவளுக்கும் அப்படியே வந்திருக்கிறது.

மையத்திலிருந்து அவர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. அவர் எங்கே போய்விட்டு வந்தாலும் நிலைப்படியில் நிற்பார். மனைவி எதிரில் வருவாள். "ஊதுங்க" என்பாள். ஊதுவார். அவள் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டு, "ம், வாங்க" என்பாள். நான் ஒரு நாள் பார்த்தேன். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் அவர்கள் இரண்டு பேருக்கும் இல்லை. அந்த "ம், வாங்க"வுக்காகவே அவர் நாளைக்கு நாலு தடவை வெளியே போய்விட்டு வருவார் என்று மகள் கிண்டல் செய்தாள்.

பதினோரு இடம் கேட்டுப் பதினோரு இடத்திலும் இல்லை என்று ஆன பிறகு, பன்னிரண்டாவதாக ஒரு மரப்பட்டறை கிடைத்தது. பாலிஷ் வேலையேதான். நான் தலைகால் புரியாமல் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். கண்ணாடி எழுந்து நின்றுவிட்டார். கைகளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மனைவி மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, அரக்கக் கரைக்க ஸ்பிரிட் வேணுமே. அங்க கேன் கேனா இருக்குமே."

"அது குடிக்கிற சாமான் இல்லம்மா. விஷம் கலந்துதான் விக்கிறாங்க. ஒரு வாய் போனாலும் கண்ணு போயிடும்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கை நடுங்க ஆரம்பிச்சா அந்தக் கைக்குத் தெரியுமா?"

  "அவர் கைக்கு வேற வேலை தெரியாதும்மா" என்றேன். அது உண்மைதான். அன்றைக்கு அந்த உண்மையை நான் எடுத்து வைத்தது என் பன்னிரண்டாவது நடை வீணாகிவிடக் கூடாது என்பதற்காகவும்தான். இதைச் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்லி என்ன பிரயோஜனம்.

பட்டறைக்காரர் கனத்த ஆள், பேச்சு குறைவு. தலை கிள்ளிய தீக்குச்சி ஒன்று எப்போதும் வாயில் இருக்கும். ஸ்பிரிட் இருக்கிற இடத்தில் நெருப்பு ஆகாது, குச்சி கடிக்கிற பழக்கமும் விடவில்லை, அதனால் தலையைக் கிள்ளிவிட்டு வைத்துக்கொள்வாராம். கண்ணாடியைப் பற்றி நான் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "நான் ஒண்ணும் கேக்கமாட்டேன் மேடம். பலகை சொல்லிடும்" என்றார்.

பலகை எப்படிச் சொல்லும் என்பது முதல் நாளே தெரிந்தது. ராத்திரி ஊறிய அரக்கைத் துணியில் வடிகட்டி எடுத்தார் கண்ணாடி. தேன் நிறத்தில் இருந்தது. பஞ்சை உருட்டி, பழைய பருத்தித் துணியில் கட்டி, பொட்டலமாக்கி அதில் நனைத்தார். பிறகு பலகையின் ஓரத்திலிருந்து தேய்த்துக்கொண்டு உள்ளே போனார். வட்டம் வட்டமாக, பிறகு எட்டு எட்டாக, பிறகு நீளவாக்கில். கை பலகைமேல் இறங்கியது தெரியவில்லை, ஏறியதும் தெரியவில்லை.

"கை நிக்கக் கூடாது" என்றார் பட்டறைக்காரர் என்னிடம். "நின்னா அந்த எடத்துல அடியில இருக்கிற பாலிஷ் இளகி ஒட்டிக்கும். வடு விழுந்துடும். ஒரு நொடி நின்னாலும் எனக்குத் தெரியும்."

கண்ணாடியின் கை நிற்கவில்லை. மதியம் கைகழுவிக்கொண்டு சோறும் அவித்த முட்டையும் சாப்பிடும்போது, விரல் நுனியெல்லாம் பழுப்பேறியிருந்தது. அதை ஏதோ வாங்கி வந்த பொருள் மாதிரி எனக்குக் காட்டினார்.  அவர் வீடு போய்ச் சேரும்வரை எனக்கு ஒரே சந்தோஷம்.

சாயங்காலமே அது போய்விட்டது. நிலைப்படியில் நின்று ஊதினார். அவள் கண்ணை மூடினாள். மூடிய கண் திறக்கவே இல்லை. சட்டை, தலைமுடி, மீசை, கை எல்லாவற்றிலும் ஸ்பிரிட் வாசனை. குளித்துவிட்டு வந்து திரும்ப ஊதினார். "ஒண்ணும் புரியலயே" என்றாள்.  பதினேழு வருஷம் அவளை ஏமாற்றாத மூக்கு அன்றைக்கு அவளைக் கைவிட்டது.

எங்கள் மையத்தில் ஊதிப் பார்க்கிற கருவி ஒன்று இருக்கிறது. அதையும் கொண்டுபோனேன். நாள் முழுக்க ஸ்பிரிட் ஆவியில் நின்றவர் வேலை விட்டதும் ஊதினால், குடித்தவர் ஊதினது மாதிரியே அதுவும் கத்தித் தொலைத்தது. எந்த நேரத்தில் ஊதினால் எது நிஜம் என்று என்னால் அவளுக்கு விளக்க முடியவில்லை. அந்த வீட்டில் மூன்று பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் அவர் நிலைப்படியில் நிற்பதை நிறுத்திவிட்டார். நேராக உள்ளே போனார். அது நல்லதற்கில்லை என்று எனக்குப் பட்டது.

வழி கண்டுபிடித்தவள் மனைவிதான். ஒரு நாள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் புருஷனோடு பட்டறைக்குள் வந்து நின்றாள்.

"ஐயா, இன்னிக்கு இவருக்கு எவ்வளவு வேலை?"

"ரெண்டு மேஜை" என்றார் பட்டறைக்காரர்.

"அதுக்கு எவ்வளவு ஸ்பிரிட் ஆகும்?"

அவர் தீக்குச்சியை ஒரு கடைவாயிலிருந்து இன்னொரு கடைவாய்க்கு மாற்றினார். பெரிய பீப்பாய்க்குப் பூட்டு உண்டு; அன்றாட வேலைக்கு அதிலிருந்து ஒரு வெள்ளைக் கேனில் எடுத்து வைப்பார். உள்ளே இருப்பது வெளியே தெரியும் கேன். அதன் பக்கவாட்டில் விரலை வைத்து, "சாயங்காலம் இது வரைக்கும் எறங்கும்" என்றார். அவள் பையிலிருந்து வார்டு எண் போடுகிற மார்க்கரை எடுத்தாள். அவர் விரல் வைத்த இடத்தில் ஒரு கோடு போட்டாள்.

கண்ணாடி அந்தப் பக்கம் திரும்பி உப்புத்தாளை மடித்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது. "உங்களுக்கு வருத்தமா?" என்று கேட்டாள். "போடு" என்றார். "நீ கோடு போட்டாத்தான் எனக்கும் தைரியமா இருக்கு."

அன்றிலிருந்து காலையில் கோடு, சாயங்காலம் நாலரைக்கு வேலை முடிந்து வருகிற வழியில் ஒரு பார்வை. கோட்டளவிலோ மேலேயோ ஸ்பிரிட் நின்றால், "ம், வாங்க" என்பாள். இருவரும் சேர்ந்தே வீட்டுக்குப் போவார்கள். பதினெட்டு நாள் கோடு தப்பவில்லை. பட்டறைக்காரரும் அவள் வரும்வரை கேனைப் பூட்டி வைக்காமல் காத்திருக்கப் பழகிக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள் மழை பிடித்தது.

காலையில் வெயில்தான். பத்து மணிக்கு இருட்டிக்கொண்டு வந்து, பதினொன்றுக்குக் கொட்ட ஆரம்பித்தது. எங்கள் மையத்தின் அலுவலகம் ஒரே ஒரு அறை. நோயாளிகள் தங்குவது வேறு தெரு. அறையில் நான் மட்டும் ஒழுகுகிற மூலையில் வாளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நாலே முக்காலுக்குப் போன் வந்தது.

"அக்கா" என்றாள் மனைவி.  "நாலு வெரக்கடை கொறையுது அக்கா."

"எது?"

"கோட்டுக்குக் கீழ நாலு வெரக்கடை. ஆளும் இல்ல. மூணரைக்கு டீ குடிச்சிட்டு வரேன்னு போனாராம். போன் இங்கயே கெடக்கு."

 குடையை எடுத்தேனா இல்லையா என்று தெரியவில்லை, கதவைப் பூட்டினேன், கேட்டைப் பூட்டினேன், ஓடினேன்.

பட்டறையில் பட்டறைக்காரர் ஒரு மேஜைப் பலகையின்மேல் குனிந்து நின்றிருந்தார். வாயில் தீக்குச்சி இல்லை. மனைவி கேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஸ்பிரிட் மட்டத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் தன் நாலு விரலையும் சேர்த்து வைத்திருந்தாள். எடுக்கவே இல்லை.

"இங்க பாருங்க மேடம்" என்றார் அவர்.

பலகையைச் சாய்வாகப் பார்க்கச் சொன்னார். கண்ணாடி மாதிரி இருந்த பரப்பில் மூன்று இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சொரசொரப்பாக வடு. "மூணு எடத்துல கை நின்னிருக்கு. என்கிட்ட வந்ததுலேர்ந்து ஒரு தடவகூட நின்னதில்ல."

 அவள் கேனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "போன வருஷம் எங்க ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர் இதக் குடிச்சுட்டு வந்தாரு அக்கா. வரும்போது நல்லாத்தான் பேசினாராம். லைட்டப் போடுங்க, லைட்டப் போடுங்கன்னு கேட்டாராம். லைட்டு எரிஞ்சிட்டுதான் இருந்துச்சு. மறுநாள் அவரு விரிப்ப நான்தான் மடிச்சேன்."

"சும்மா இரும்மா" என்றேன். அவளை அதட்டினேனா என்னையே அதட்டினேனா தெரியாது. நான்தானே அவரை இங்கே கொண்டுவந்து விட்டேன். விஷம் என்று சொல்லிச் சொல்லியே அந்த விஷத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

பட்டறைக்காரரைப் பட்டறையிலேயே இருக்கச் சொன்னோம், ஒருவேளை திரும்பி வந்தால் பிடித்து உட்கார வைக்க. நாங்கள் இருவரும் கிளம்பினோம். டீக்கடையில் அவர் வரவே இல்லை என்றார்கள். மதுக்கடையில் போய்ப் பார்த்தோம். கூரைக்குக் கீழே நெருக்கியடித்து நின்றவர்கள் எங்களுக்கு வழி விட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் எங்கள் மையத்துக்கு வந்து போனவர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் அங்கே இல்லை. இதற்கு முன்னால் எத்தனையோ நாள் அந்த வாசலில் அவரை இழுத்துக்கொண்டு போக வந்தவள், அன்றைக்கு அவர் அங்கே இல்லையே என்று தவித்தாள். "இங்க இருந்திருந்தாக்கூடப் பரவால்லக்கா" என்றாள். "இங்க விக்கிறதக் குடிச்சா கண்ணாவது இருக்கும்."

பாலத்துக்கு அடியில் பார்த்தோம். மூடிக்கிடந்த லாரி ஷெட்டில் பார்த்தோம். ஒரு மூலையில் யாரோ சுருண்டு கிடந்தார்கள். அவள் ஓடிப்போய்த் திருப்பிப் பார்த்தாள், வேறு ஆள். நனைந்த புடவை காலைத் தடுக்க, விழப்போனவளைப் பிடித்தேன். கை ஐஸாக இருந்தது. மகளிடமிருந்து போன் வந்தது. அவள் எடுத்து, "அப்பா வந்துட்டாரா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் மகளும் அதையேதான் கேட்டிருக்க வேண்டும். இருவரும் வைத்துவிட்டார்கள்.

"போலீசுல சொல்லிடலாம்" என்றேன். "அவர் போட்டோ ஆபீஸ்ல பைல்ல இருக்கு. எடுத்துட்டுப் போயிடலாம்."

ஆட்டோ பிடித்து எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது ஆறு மணி இருக்கும். கேட்டுக்கு முன்னால், படியில், மழையிலேயே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு, இரண்டு கைக்கும் நடுவில் எதையோ பிடித்துக்கொண்டிருந்தார். ஆட்டோ நிற்பதற்குள் அவள் குதித்துவிட்டாள்.

"ஏன்யா" என்றாள். அவரை அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏன்யா, குடிச்சியா? சொல்லுய்யா, குடிச்சியா?"

அவர் கையில் இருந்தது தண்ணீர் பாட்டில். வீட்டிலிருந்து கொண்டுவருகிற நீல மூடிப் பாட்டில். உள்ளே இருந்தது தண்ணீர் இல்லை.

"மழைக்குப் பலகை வெள்ளை பூத்துடுச்சு" என்றார். பல் கிட்டித்ததால் சொல்லுக்குச் சொல் நின்று வந்தது. "ஈரக் காத்துல அப்படித்தான் ஆகும். ஸ்பிரிட்ல தொட்டுத் தொடச்சா வெள்ளை போயிடும். தொட்டேன். வாசனை அப்படியே வந்து தொண்டையில உக்காந்துகிச்சு. கை நின்னுடுச்சு. வெளிய போய் நின்னுட்டு வந்தேன். திருப்பியும் நின்னுது. மூணாவது தடவை, முதலாளி உள்ள போயிருந்தாரு. பாட்டில்ல இருந்த தண்ணியக் கீழ கொட்டிட்டு இத ஊத்திட்டேன்."

"எதுக்கு?" என்றேன், தெரிந்துகொண்டே.

"குடிக்கத்தான். பொய் சொல்லலக்கா. குடிக்கத்தான் ஊத்தினேன். அப்புறம் தெருவுல நடந்தேன். நீங்கதானே சொன்னீங்க, கை நடுங்குச்சுன்னா வேற எங்கயும் போகாத, நேரா இங்க வந்துடுன்னு. வந்தேன்." கேட்டைப் பார்த்தார். "பூட்டியிருந்துச்சு."

அவரைத் தேடுவதற்காக நான் பூட்டிவிட்டுப் போன பூட்டு அது. விஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.  அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் பாட்டிலைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கழுத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

"பாட்டில் வாய் வரைக்கும் ஊத்தினீங்களா?"

"ஞாபகமில்ல."

"மூடியத் தொறந்தீங்களா?"

"தொறந்தேன். ரெண்டு தடவை. மூடிட்டேன்."

அவர் ஊதுவதற்கு வாயைக் குவித்தார். அவள் தலையை ஆட்டினாள். அவள் கையிலும் பாட்டிலிலும் அவர் சட்டையிலும் ஒரே வாசனை. ஊதி என்ன ஆகப்போகிறது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம்மா. ரத்தம் எடுத்துப் பாத்துடட்டும்" என்றேன்.

"போகலாம். வழியிலதானே பட்டறை. ஒரு நிமிஷம் எறங்கிட்டுப் போகலாம். இதத் திருப்பி ஊத்திப் பாக்கணும்."

"வேண்டாம்மா. நேரம் ஆகுது."

"ஊத்திப் பாக்கணும்க்கா" என்றாள். எதிர்த்துப் பேச முடிகிற குரல் இல்லை அது.

ஆட்டோவில் அவரை நடுவில் உட்கார வைத்தோம். அவர் முகத்துக்கு நேராக அவள் விரலை நீட்டிக்கொண்டே வந்தாள். "இது எத்தன?" "மூணு." "இது?" "ஒண்ணு." "அங்க போர்டுல என்ன எழுதியிருக்கு?" அவர் படித்தார். தெருவிளக்கு ஒவ்வொன்றையும் காட்டி, "எரியுதா?" என்று கேட்டாள். "எரியுது" என்றார். ஒரு விளக்கைக் காட்டியபோது, "இது எரியலயே" என்றார்.  குனிந்து பார்த்தேன். அது எரியவில்லைதான்.

பட்டறைக்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். கண்ணாடியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்க் கேனின் மூடியைக் கழற்றிவிட்டு நகர்ந்து நின்றார்.

அவள் பாட்டிலைச் சாய்த்தாள். ஒரு சொட்டு வெளியே சிந்தாமல், மெதுவாக. மட்டம் ஏறியது. ஒரு விரல், இரண்டு விரல், மூன்று. நாங்கள் நாலு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டினாள். கடைசிச் சொட்டும் விழுந்தது. கேனுக்குள் அசைவு அடங்கக் காத்திருந்தோம்.

கோட்டுக்கு அரை விரல் கீழே நின்றது.

அந்த அரை விரலைப் பார்த்த பயத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. நாலு விரலைப் பார்த்தபோதுகூட அவ்வளவு பயம் இல்லை. அரை விரல் என்றால் ஒரு வாய். ஒரு வாய்தான் நான் சொன்ன கணக்கு.

கண்ணாடி சுவரில் சாய்ந்து நின்றார். "எனக்குத் தெரியல" என்றார். "நான் வாயில வைக்கல. வேற எனக்கு ஒண்ணும் தெரியல."

"கோடு காலையில போட்டது" என்றார் பட்டறைக்காரர். "அப்ப வெயில். வெயில் நாளுக்குச் சொன்ன அளவு அது. மழை வந்து வெள்ளை பூத்தா அத எடுக்கத் தனியா ஸ்பிரிட் வேணும். நான் அத நெனச்சுப் பாக்கல. அந்த ரெண்டாவது பலகையப் பாருங்க, முழுக்க எடுத்திருக்கான். அதுக்கு அரை விரல் ஆகும்."

"ஆகுமா ஐயா?" என்றாள் அவள். "நிச்சயமா ஆகுமா?"

அவர் பொய் சொல்லக்கூடிய ஆள் இல்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருக்குமே என்று நான் வேண்டிக்கொண்டேன். அவர் பலகையைப் பார்த்தார், கேனைப் பார்த்தார். "ஆகலாம்மா" என்றார்.

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் வடு விழுந்த மேஜைக்குப் போனாள். முதல் வடுவின்மேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு இரண்டாவதன்மேல். மூன்றாவதன்மேல் வைத்தபடி திரும்பி அவரைப் பார்த்தாள்.

"இங்கயா ஊத்தினீங்க?"

"ஆமா."

"மத்த ரெண்டுலயும்?"

"வெளிய போய் நின்னுட்டு வந்தேன். மழையில."

அவள் தலையசைத்தாள். பலகைமேல் கிடந்த பாலிஷ் துணியை எடுத்தாள். கேனின் வாயில் ஒற்றி, நுனியை ஸ்பிரிட்டில் நனைத்தாள். காலையில் தான் போட்ட கோட்டின்மேல் தேய்த்தாள். மை கரைந்து வந்துவிட்டது. ஸ்பிரிட் பட்டால் மார்க்கர் நிற்காது. கோடு இருந்த இடம் வெறுமையாகத் தெரிந்தது. பையைத் துழாவி மார்க்கரை எடுத்தாள். ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்பிரிட் எங்கே நின்றதோ சரியாக அங்கே, அரை விரல் கீழே, புதிதாகக் கோடு போட்டாள்.

"மழை நாளுக்கு இதான் கோடு" என்றாள். மூடியைப் போட்டு மார்க்கரைப் பைக்குள் வைத்தாள். பிறகு அவரைப் பார்த்து, "ம், வாங்க" என்றாள்.

கண்ணாடி அழுதார். சத்தம் இல்லை, தோள்தான் குலுங்கியது. பட்டறைக்காரர் எதையோ தேடுகிற மாதிரி மேஜைமேல் தடவி, தீக்குச்சி ஒன்றை எடுத்துத் தலையைக் கிள்ளினார்.

"அந்த மூணு எடத்தையும் உப்புத்தாள் போட்டு எடுக்கணும்" என்றார் கண்ணாடியிடம். "எட்டு மணிக்கு வந்துடு. இனிமே கேன் என் பக்கத்துல இருக்கும். வேணும்னா கேட்டு வாங்கு."

என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்ததும், இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததும், குடித்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்ததும் அதற்குப் பிறகு நடந்தது. அந்தச் சீட்டை அவள் பிரித்துப் பார்க்காமலே என்னிடம் கொடுத்துவிட்டாள். பைலில் வைத்திருக்கிறேன். அவள் கோடு போட்டபோது அந்தச் சீட்டு இல்லை.